கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகுகிறதா? பழைய பென்ஸுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

முகூர்த்த நாளில் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு மண்டப வாசலில் நின்று பார்த்தால் தெரியும், டெல்டாவில் எத்தனை பழைய பென்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று. பெரும்பாலும் சென்னையிலோ கோவையிலோ இரண்டாம் கை, மூன்றாம் கையாக வாங்கி வந்த வண்டிகள். எஞ்சின் இன்னும் பல வருஷம் தாங்கும். சீட்டின் சுகத்தைச் சொல்லவே வேண்டாம். ஆனால் இருபது வயதைத் தாண்டினால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எங்காவது ஓரிடத்தில் ஆயில் ஒழுக ஆரம்பித்துவிடும். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸை இறக்கணும் சார்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து நல்ல வண்டியைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். கியர்பாக்ஸை இறக்கியே தீர வேண்டிய கசிவுகள் சிலதான். மற்றவையெல்லாம் ரப்பர் வளையம், கேஸ்கெட், குழாய் என்று வண்டிக்கு அடியில் படுத்தபடியே முடிக்கக்கூடிய வேலை.

இங்கே சொல்வது முக்கியமாக 722.6 என்ற எண் கொண்ட ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பற்றி. 1996 வாக்கில் வந்தது. டபிள்யூ210 இ-கிளாஸ், டபிள்யூ203 சி-கிளாஸ், டபிள்யூ220 எஸ்-கிளாஸ் ஆகியவற்றின் பல மாடல்களில் இதுதான் இருக்கிறது. 1995-இல் புனேயில் தயாரிக்கத் தொடங்கிய டபிள்யூ124-இன் ஆட்டோமேட்டிக் இதற்கு முந்தைய தலைமுறை, நான்கு கியர். அது வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கிறதா?

வரிசைப்படி பார்த்தால் இது கடைசியில் வர வேண்டியது. ஆனால் ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் கியர்பாக்ஸையே காலி செய்யக்கூடிய கோளாறு இது ஒன்றுதான். அதனால் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். இந்தக் கோளாறில் தரையில் ஒரு சொட்டுகூட விழாமல் இருக்கலாம்.

இந்த வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் தனியாக வெளியே இல்லை. ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஒரு மெல்லிய உலோகச் சுவருக்கு இந்தப் பக்கம் ஆயில், அந்தப் பக்கம் எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட். அந்தச் சுவரோ அதன் இணைப்போ விரிசல் விட்டால் இரண்டும் கலந்துவிடும். எஞ்சினை நிறுத்திய பிறகும் கூலன்ட்டில் அழுத்தம் இருக்கும், ஆயிலில் இருக்காது. அதனால் நிறுத்தி வைத்த வண்டியிலும் கூலன்ட் மெல்ல மெல்ல கியர்பாக்ஸுக்குள் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே கிளட்ச் தட்டுகளில் காகிதம் போன்ற லைனிங் ஒட்டியிருக்கிறது. கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் அந்தப் பசையைக் கரைத்துவிடும்.

ஓட்டும்போது தெரிகிற அறிகுறி: 60, 70 வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மட்டும் அழுத்திச் சீராகப் போகும்போது வண்டி முழுக்க ஒரு நடுக்கம் வரும். நன்றாக அழுத்தினால் நடுக்கம் நின்றுவிடும், காலை எடுத்தாலும் நின்றுவிடும். நடுக்கம் வந்தாலே தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆயில் பழசாகிப்போனாலும் வரும். ஆனால் அது வந்த அன்றே இரண்டு இடத்தைப் பார்த்தாக வேண்டும். வண்டி முழுதாக ஆறிய பிறகு கூலன்ட் டப்பாவைத் திறந்து, மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, மூடியின் அடியில் வழுவழுவென்று ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். தெளிந்த சிவப்போ, பழுத்த பழுப்போ இருந்தால் சரி. பால் கலந்த ரோஸாக இருந்தால் சாவியை எடுத்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிப் போக வேண்டாம்.

ரேடியேட்டரை மாற்றி, பேன் (பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு), கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) இரண்டிலும் உள்ள ஆயிலை முழுக்க இறக்கி, புது ஆயிலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கழுவ வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பெட்டி பிழைக்கும். பழைய 722.6-களில் கன்வெர்ட்டருக்கும் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் நட்டு உண்டு, பின்னால் வந்தவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்ம பக்கத்துக்கு இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதைப் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவது அலுமினியத்தை உள்ளேயிருந்து அரிக்கவிடுவதுதான். கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரில் மட்டும் கலந்து ஊற்றுங்கள். இரண்டாவது, வெள்ளத்தில் நின்ற வண்டி. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கும் அதற்குப் பிந்தைய மழைகளுக்கும் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கியர்பாக்ஸின் காற்றுத்துளை வழியாக வெள்ளம் உள்ளே போயிருந்தாலும் ஆயில் இதே நிறத்துக்கு வரும். வாங்கும் முன் ஆயிலைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

பார்ப்பதற்கு முன் கழுவுங்கள்

ஆயில் மேலே ஓரிடத்தில் கசிந்து, பெட்டியின் உடம்பை ஒட்டி இறங்கி, பேனின் தாழ்வான மூலைக்கு வந்து சொட்டும். ஓடும்போது அடிக்கிற காற்று அதைப் பின்னால் வேறு தள்ளிவிடும். அதனால் சொட்டும் இடத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஈரம் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதைத்தான் தேட வேண்டும். நம் ஊர் வண்டிகளின் அடியில் பல வருஷத்துச் செம்மண்ணும் கிரீஸும் கலந்து அப்பியிருக்கும். அதன் மேல் டார்ச் அடித்துப் பார்த்து யாராலும் எதையும் சொல்ல முடியாது.

வண்டி ஆறியதும் பேன், பெல் ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் இடத்தில் பெட்டியின் அகன்ற முன்பகுதி), இரண்டு பக்கமும் உள்ள குழாய்கள் எல்லாவற்றிலும் டிக்ரீஸர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடையுங்கள். வாட்டர் சர்வீஸில் கொடுத்தால் பையன்களிடம் நின்று சொல்லுங்கள்: ஒயர் சேரும் பிளக்கின் மேலும், பெட்டியின் உச்சியிலும் பிரஷர் தண்ணீர் அடிக்கக் கூடாது. காய்ந்த பிறகு சாதாரண முகப்பவுடரைத் தூவிவிடுங்கள். அப்புறம் ஆயில் நன்றாகச் சூடாகும் அளவுக்கு ஓட்டிவிட்டு வந்து, பிட் (அடியில் இறங்கி நின்று பார்க்கும் பள்ளம்) மேல் நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் சிவப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கசிவு மிக மெதுவாக இருந்தால் இரவில் அடியில் அட்டைப்பெட்டி விரித்து, முன் சக்கரம் எங்கே நிற்கிறது என்று அதில் குறித்து வையுங்கள்.

பிட் இல்லாமல் ஜாக்கி போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டெல்டா மண் களிமண். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் மழைக்குப் பிறகு பாரம் ஏறினால் ஜாக்கி புதையும், சாயும். சிமென்ட் தரை, ஜாக்கிக்கு அடியில் கெட்டிப் பலகை, வண்டியைத் தாங்க ஸ்டாண்ட் இந்த மூன்றும் இல்லாமல் யாரும் அடியில் படுக்க வேண்டாம். ஜாக்கியை கியர்பாக்ஸ் பேனில் வைத்துத் தூக்கவும் கூடாது. நசுங்கிய பேன்கள் பலவற்றுக்கும் அதுதான் காரணம்.

சொட்டியது கியர்பாக்ஸ் ஆயில்தானா?

வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு பிடித்துப் பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயில் புதிதில் சிவப்பு, பழசானால் பழுப்பு. தாளில் மெல்லிசாகப் பரவும். எஞ்சின் ஆயில் கறுப்பு. இந்த எஞ்சின்களில் வால்வ் கவர் கேஸ்கெட் பழசானால் எஞ்சின் ஆயில் பின்பக்கமாக இறங்கி, பெல் ஹவுசிங்கை நனைத்து, கியர்பாக்ஸ் லீக் மாதிரியே ஏமாற்றும். பல கியர்பாக்ஸ்கள் இதற்காகவே அநியாயமாக இறக்கப்பட்டிருக்கின்றன. வண்டியின் பின்பகுதியில் கெட்டியாக, கந்தக வாடையோடு சொட்டினால் அது பின் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியலின் ஆயில். முன்பக்கம் சிவப்பாகச் சொட்டினால் பவர் ஸ்டீயரிங்கையும் ஒருமுறை பாருங்கள், பழைய வண்டிகளில் அதற்கும் சிவப்பு ஆயிலே ஊற்றியிருப்பார்கள். நிறமில்லாமல் வெறும் தண்ணீராக இருந்தால் ஏசி. நிம்மதியாக இருங்கள்.

வலப்பக்கம் ஈரம், சில சமயம் இரண்டாம் கியரிலேயே நின்றுவிடுகிறது

722.6-இல் அதிகம் பார்க்கிற கசிவு இது. எளிதில் சரியாவதும் இதுதான். ஆனால் தெரியாதவர் கையில் கிடைத்தால் பெரிய செலவில் கொண்டுபோய் விடுவதும் இதுதான்.

பெட்டியின் வலப்பக்கம், பேனுக்குச் சற்று மேலே, 13 பின் கொண்ட வட்டமான ஒயர் பிளக் ஒன்று செருகியிருக்கும். மேலே வெப்பம் தடுக்கும் தகடு மூடியிருப்பதால் முதல் பார்வைக்குத் தெரியாது. அந்த பிளக் நேராகப் பெட்டிக்குள் போவதில்லை. நடுவில் பிளாஸ்டிக் அடாப்டர் ஒன்று இருக்கிறது. ஆயிலை வெளியே விடாமல் பிடித்திருப்பது அந்த அடாப்டரைச் சுற்றியுள்ள இரண்டு ஓ-ரிங்குகள், அதாவது ரப்பர் வளையங்கள்தான். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து அவை இறுகிப்போகும். புது ஓ-ரிங்கை விரலால் அழுத்தினால் உருண்டையாகத் திரும்பி வரும். பழசு, வெட்டுத்தோற்றத்தில் சதுரமாகத் தட்டையாகி, வளைத்தால் படக்கென்று உடையும்.

வெளியே ஒழுகுவது இதில் பாதிதான். ஆயில் அடாப்டருக்குள்ளேயே ஏறி, ஒயர்களின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஊர்ந்து, எஞ்சின் அறையில் இருக்கும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் வரை போய்விடும். அங்கே பின்களுக்கிடையே ஆயில் நின்றால் சிக்னல் தவறும். கம்ப்யூட்டர் பெட்டியைக் காப்பாற்றுவதாக நினைத்து இரண்டாம் கியரில் பூட்டிவிடும். தஞ்சாவூர் பைபாஸில் எஞ்சின் கத்துகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால் இந்த நிலைதான். ஓரமாக நிறுத்தி, பார்க்கில் போட்டு, சாவியை அணைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் பல சமயம் சரியாகிவிடும். ஆனால் திரும்ப வரும். இந்த இடத்தில்தான் "கம்ப்யூட்டர் போச்சு" என்றோ "உள்ளே வால்வ் பாடி (கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் பாகம்) போச்சு" என்றோ சொல்லிவிடுகிறார்கள்.

சாவி அணைத்த நிலையில், தகட்டைக் கழற்றி, பிளக்கின் வளையத்தை இடஞ்சுழியாகத் திருப்பி உருவுங்கள். உள்ளே பாருங்கள். பின்கள் உலர்ந்து மினுங்க வேண்டும். ஆயிலில் குளித்திருந்தால் அடாப்டர்தான் குற்றவாளி. அப்புறம் எஞ்சின் அறையில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரின் பிளக்கை உருவி, காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒரு பின்னைத் தொட்டுப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் ஆயில் அதுவரை வந்துவிட்டது.

அடாப்டரை 7 மி.மீ. போல்ட் ஒன்றுதான் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றி நேராக இழுத்தால் வந்துவிடும். கொஞ்சம் ஆயில் கொட்டும், அடியில் தட்டு வையுங்கள். பழைய அடாப்டரில் ஓ-ரிங்கை மட்டும் மாற்றுவது வேண்டாத சிக்கனம். அந்த பிளாஸ்டிக்கும் அதே வயசு, உள்வழியாக ஒழுகுவதை ஓ-ரிங் நிறுத்தாது. சென்னை ஜி.பி. ரோட்டில் சேசிஸ் நம்பரைச் சொல்லிக் கேட்டால் முழு அடாப்டராகவே வாங்கலாம். இருபக்க பிளக்குகளையும் எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் கழுவிக் காயவிடுங்கள். ஒயருக்குள் ஏற்கெனவே ஏறிய ஆயில் சில வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும். மேல் பிளக்கை மறுபடி ஓரிரு தடவை திறந்து துடைக்க வேண்டியிருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு புது அடாப்டரும் போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஓட்டினால் காய்ந்திருக்கிறது; வாரக்கணக்கில் நின்றால் குளம் கட்டுகிறது

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வந்து எடுப்பவர்களின் வண்டியில் இது அடிக்கடி வரும். ஓடும் வண்டியில் கன்வெர்ட்டர் நிறைய ஆயில் இருக்கும். நீண்ட நாள் நின்றால் அது மெல்ல வடிந்து பேனுக்கு இறங்கும். பேனில் மட்டம் ஏறி, ஓடும்போது ஆயில் தொடாத உயரத்தில் இருக்கும் ரப்பர்கள் எல்லாம் முழுகிவிடும். மேலே சொன்ன 13 பின் அடாப்டர், கியர் லீவரின் இணைப்பு சேரும் தண்டின் சீல், ஆயில் ஊற்றும் குழாய் பெட்டியில் நுழையும் இடத்து ஓ-ரிங் ஆகியவை இந்த உயரத்தில் இருப்பவை. இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மூன்றுமே பெட்டியை இறக்காமல் மாற்றக்கூடியவை.

வீட்டில் இருப்பவர்களிடம், "தம்பி, வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது போதாது. நின்ற இடத்திலேயே உறுமவிட்டால் கியர்பாக்ஸ் சூடாகாது. தெருவில் எடுத்துச் சற்றுத் தூரம் ஓட்டிவந்து நிறுத்தச் சொல்லுங்கள்.

பேன் விளிம்பு சுற்றிலும் ஈரம்

பேனை ஆறு போல்ட்தான் பிடித்திருக்கிறது. கேஸ்கெட் ரப்பர். ஈரத்தின் உச்சி சரியாக அந்த விளிம்பிலேயே தொடங்கினால், அதற்கு மேலே உலர்ந்திருந்தால், கேஸ்கெட்தான். நம் ஊரில் உடனே போல்ட்டை இன்னும் இறுக்குவார்கள். அது பேனின் விளிம்பை வளைத்துக் கசிவை அதிகமாக்கும். இந்த போல்ட்டுக்கு வேண்டியது 8 நியூட்டன் மீட்டர்தான். சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டால் திருப்புகிற அளவு. ட்ரெயின் நட்டுக்கு 20, ஒவ்வொரு தடவையும் புது வாஷர்.

கேஸ்கெட் மேல் சிலிக்கான் பேஸ்ட் மட்டும் தடவவே கூடாது. பிதுங்கி உள்ளே விழும் துணுக்கு ஃபில்டரில் போய் அடைக்கும். பழைய பேஸ்ட் ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிட்டு, காய்ந்த பரப்பில் புது கேஸ்கெட்டை மட்டும் வையுங்கள். பேனை இறக்கினதோடு ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பேன் நசுங்கியிருந்தால் தட்டி நிமிர்த்துவதைவிட மாற்றுவதே நல்லது, பள்ளம் ஃபில்டரின் வாயை நெருங்கினால் ஆயில் உறிஞ்சுவது தடைபடும்.

பழைய பிஎம்டபிள்யூ வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆறு கியர் இசட்எஃப் பெட்டியில் பேனே பிளாஸ்டிக், ஃபில்டரும் அதோடு சேர்ந்தது. ஒயர் பிளக் நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் ஸ்லீவ்தான் அதிலும் அடிக்கடி ஒழுகுவது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டு

பெல் ஹவுசிங்கின் கீழ்த்துளையிலிருந்து வந்தால் முதலில் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் எஞ்சின் பக்கம்: வால்வ் கவரிலிருந்து இறங்கியதா, கிராங்கின் (எஞ்சினின் சுழலும் தண்டு) பின் சீலா என்று மேலிருந்து தேட வேண்டும். சிவப்பு என்றால் கன்வெர்ட்டர் நுழையும் பம்பின் முன் சீல். இதற்குத்தான் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும், வேறு வழியில்லை. இறக்கினால் கிராங்கின் பின் சீலையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள். கன்வெர்ட்டரின் கழுத்தில் விரலை ஓட்டி, சீல் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளம் இருந்தால் புது சீல் ஆறு மாசம்கூடத் தாங்காது.

பின்பக்கம், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் சேரும் இடம்: அறுவடைக்குப் பிறகு ஆரம்பித்த கசிவு

தை மாசத்தில் சம்பா அறுவடை முடிந்தால் ரோட்டில் வைக்கோல். அப்புறம் உளுந்து, பச்சைப்பயறு பிடுங்கும் காலத்தில் செடியையே ரோட்டில் பரப்பிவிடுவார்கள், வண்டிகள் ஏறிப் போனால் பயறு உதிரும் என்று. திருவாரூர், நாகை பக்கத்துக் கிராமத்து ரோடுகளில் ஒதுங்கிப் போகவும் இடமிருக்காது. லாரிக்கு அது ஒன்றும் செய்யாது. தரையோடு தாழ்ந்து போகும் இந்தக் கார்களில் கொடி நேராக, கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்ளும். ஷாஃப்ட் சுழலச் சுழல கயிறாக முறுக்கேறி, கியர்பாக்ஸின் பின்வாய்க்கு நகர்ந்து, சீலின் உதட்டை அரிக்கும். புழுதி வேறு அதோடு சேர்ந்துகொள்ளும்.

அடியில் பார்த்தால் ஷாஃப்ட்டின் முன்முனையில் கறுத்து இறுகிய வளையமாக வைக்கோல் தெரியும். இழுத்தால் வராது. கத்தியால் நீளவாக்கில் கீறி, தோல் உரிப்பது போல எடுக்க வேண்டும். எடுத்து, துடைத்து, பவுடர் தூவி ஓட்டிப் பாருங்கள். கசிவு நின்றால் சீல் தப்பித்தது. நிற்கவில்லை என்றால் ஷாஃப்ட்டைக் கழற்றி பின் சீலை மாற்ற வேண்டும். பெட்டியை இறக்க வேண்டியதில்லை. ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயிண்ட்டால் குறி போட்டு, அதே குறியில் மாட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதிர்வு வரும். ரப்பர் கப்ளிங் வெடித்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடலாம்.

இதைத் தள்ளிப்போடாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. ஆயில் நனைந்த வைக்கோல், பக்கத்திலேயே சூடேறிய சைலன்ஸர் குழாய். வண்டி தீப்பிடிக்க இதற்கு மேல் வேறு எதுவும் வேண்டாம். பயறுச் செடி பரப்பிய ரோட்டைத் தாண்டி வந்தால் அன்றைக்கே குனிந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

முன்பக்கம், ரேடியேட்டருக்குக் கீழே சிவப்பு

கூலருக்குப் போகும் இரண்டு குழாய்கள். பெரும்பகுதி இரும்பு, நடுவில் ரப்பர், இரண்டும் சேரும் இடத்தில் நசுக்கிப் பொருத்திய உலோக வளையம். பழசானால் அந்த வளையத்திலிருந்து ஆயில் வியர்க்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போல் கடலோரத்தில் நிற்கும் வண்டியில் உப்புக்காற்று இரும்புப் பகுதியையே அரித்துவிடும். கிளிப்புகள் பிடிக்கும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள், துரு அங்கேதான் தொடங்கும். அவசரத்துக்கு ரப்பரை வெட்டிப் புது ஹோஸ் போடுவதானால் கியர்பாக்ஸ் ஆயிலுக்கும் சூட்டுக்கும் தாங்கும் ஹோஸாகவே போட வேண்டும். தண்ணீர் ஹோஸ் ஊறி உப்பி வெடிக்கும்.

நேற்றுவரை ஒன்றுமில்லை, காலையில் பெரிய குளம் என்றால் எலி. அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் கொட்டகைக்கும் கார் ஷெட்டுக்கும் குடிவந்துவிடும். ரப்பரில் பல் தடம் தெளிவாகத் தெரியும். ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சின் ஓடினால் பம்ப் மிச்ச ஆயிலையும் அந்தத் துளை வழியாக வெளியே தள்ளிவிடும்.

கீழே ஒரு சொட்டும் இல்லை. ஆனால் ஆயில் குறைகிறது

டபிள்யூ124 போன்ற நான்கு கியர் பெட்டிகளில் வேக்குவம் மாடுலேட்டர் என்று ஒரு டப்பா பெட்டியின் பக்கவாட்டில் திருகியிருக்கும். அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால், வேக்குவம் குழாய் வழியாக ஆயில் எஞ்சின் பக்கம் உறிஞ்சப்பட்டு எரிந்துபோகும். சைலன்ஸரில் வெள்ளைப்புகை வரும், கியர் மாறுவது முரட்டுத்தனமாகும். டப்பாவிலிருந்து ரப்பர் குழாயை உருவிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஈரம் இருந்தால் மாடுலேட்டரை மாற்றுங்கள். 722.6-இல் இந்த டப்பா இல்லை. அதில் வெளியே தெரியாமல் குறைந்தால் ரேடியேட்டரைச் சந்தேகப்படுங்கள்.

ஆயில் ஊற்றிய பிறகுதான் ஒழுகுகிறது

அளவுக்கு மேல் ஊற்றியிருப்பார்கள். மட்டம் கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கி, காற்றுத்துளை வழியாக வெளியே தள்ளும். பெட்டியின் உச்சியிலிருந்து எல்லாப் பக்கமும் ஈரமாகும். அதைப் பார்த்தால் எல்லா சீலும் போனது போலவே இருக்கும். எதையும் கழற்றும் முன் அளவைச் சரிபாருங்கள்.

722.6-க்கு நிரந்தர டிப்ஸ்டிக் கிடையாது. எஞ்சின் அறையில் ஆயில் குழாயின் வாயில் பூட்டிய மூடி மட்டும் இருக்கும். அளக்கும் குச்சியைத் தனியாக வாங்க வேண்டும். அதில் 25 டிகிரி, 80 டிகிரி என்று இரண்டு குறிகள். நம் ஊரில் பெட்டி 25 டிகிரியில் இருப்பது மார்கழி விடியற்காலையில் வேண்டுமானால் உண்டு. அதனால் 80-ஐ மட்டும் நம்புங்கள். நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பார்க்கில் வைத்து அளக்க வேண்டும். ஆயிலின் சூட்டை ஸ்கேனரில் படித்துக்கொள்ளலாம். எஞ்சினை அணைத்துவிட்டு அளந்தால் மட்டம் தப்பாகக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி ஆயிலை இறக்கிவிட்டால் பெட்டி பட்டினி.

பேனை மட்டும் இறக்கினால் சுமார் 4 லிட்டர் வரும். கன்வெர்ட்டரையும் சேர்த்தால் கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு. இறக்கியதை அளந்து, அதே அளவு முதலில் ஊற்றி, மிச்சத்தைச் சூட்டில் பார்த்துச் சேருங்கள். டப்பாவில் எம்பி 236.14 அங்கீகாரம் அச்சிட்டிருக்க வேண்டும். சிவப்பாக இருக்கிறது என்பதற்காக லூஸில் விற்கும் ஆயிலை ஊற்றுவதும், லீக்கை நிறுத்தும் மருந்து என்று விற்பதைச் சேர்ப்பதும் வேண்டாம். அந்த மருந்து ரப்பரை உப்பவைத்துச் சில மாதம் மூடும், பிறகு மென்மையாக்கிக் கெடுத்துவிடும். இறக்கிய பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள். அது பாயும் இடம் நம் வயல். கேனில் பிடித்துப் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

இரவுக்கு ஒன்றிரண்டு சொட்டு, அளவு சரி, கியர் சீராக மாறுகிறது என்றால் பாகம் வரும்வரை ஓட்டலாம். வாரம் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். டி-யிலோ ரிவர்ஸிலோ போட்டதும் பிடிக்கத் தாமதம், வளைவில் திரும்பும்போது எஞ்சின் மட்டும் வேகமெடுத்து வண்டி பின்தங்குவது, இரண்டில் ஒன்று வந்தாலும் அளவு ஆபத்தான மட்டத்துக்கு இறங்கிவிட்டது. அங்கேயே நிறுத்துங்கள்.

நிறுத்திய பிறகு நம் பக்கத்தில் உடனே வரும் உதவி டிராக்டரும் கயிறும்தான். மனசார உதவ வருபவரிடம் பக்குவமாக மறுத்துவிடுங்கள். இந்தப் பெட்டியில் பம்ப்பைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சின் ஓடாமல் பின்சக்கரம் உருண்டால் உள்ளே பாகங்கள் ஆயிலே இல்லாமல் சுழலும். ஆயிலும் கொட்டிப்போன வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ரிக்கவரி வண்டியை அழையுங்கள். அது வர முடியாத கிராமம், இழுத்தே ஆக வேண்டும் என்றால், ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை டிஃபரன்ஷியல் முனையில் கழற்றி, தொங்காமல் கம்பியால் மேலே கட்டிவிட்டு, மெயின் ரோடு வரை மட்டும் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள்.